தடிக்கம்பி தப்பித்தது, ஒல்லிக்கம்பி போய்விட்டது

போன மாதம் பின்பக்கச் சுவரில் ஒரு கோடு கண்ணில் பட்டது. ஸ்கேல் வைத்துப் பென்சிலால் இழுத்த மாதிரி, படுக்கைவாட்டில், அவ்வளவு நேராக. ஹாலோ பிளாக் சுவர் அது. 11 வருடத்துக்கு முன்னால் நானே பக்கத்தில் நின்று கட்ட வைத்தது. பூச்சு கிடையாது, பிளாக் முகத்தின் மேல் வெறும் பெயிண்ட்தான், அதனால் பெயிண்ட் வெடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வெயில் சாய்ந்த பிறகு பார்த்தால் அதற்கு இரண்டு வரி கீழே இன்னொன்று, அதற்கும் இரண்டு வரி கீழே மூன்றாவது. டேப் வைத்து அளந்தேன், கோட்டுக்குக் கோடு 400 மி.மீ. அப்போதுதான் உறைத்தது. கட்டும்போது இரண்டு வரிக்கு ஒரு தடவை கலவைக்குள் படுக்க வைத்தோமே ஏணி மாதிரி ஒரு கம்பி வலை, அது இருக்கிற இடங்கள் இவை.

ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பியதும் கலவை பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காக, விரலால் தேய்த்தால் உதிர்கிற துரு. அதைச் சுரண்டிச் சுரண்டிப் போனால் நடுவில் 3.7 மி.மீ. இருந்திருக்க வேண்டிய கம்பி ஊசி கனத்துக்கு மிச்சமிருந்தது. ஓர் இடத்தில் அதுவும் இல்லை, அறுந்தே போயிருந்தது. துரு என்றால் கம்பி கரைந்து காணாமல் போவது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நடப்பது அதற்கு நேர் எதிர். இரும்பு துருவாகும்போது இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும், இரண்டு வரிக்கு நடுவில் கலவை போடுகிற 10 மி.மீ. மூட்டுக்குள் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது, கலவையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நான் பார்த்த கோடு அதுதான்.

சரி, உள்ளே நிற்கிற செங்குத்துக் கம்பிகளின் கதி என்ன என்று பயம் வந்துவிட்டது. ஒரு பிளாக்கின் முகத்தை மட்டும் கட்டர் போட்டு எடுத்து, உள்ளே ஊற்றியிருந்த கிரவுட்டை (பிளாக் குழியை நிரப்புகிற தண்ணியான கான்கிரீட்) உளியால் தட்டிப் பார்த்தேன். சாதாரண 12 மி.மீ. கம்பிதான், எந்தப் பூச்சும் கிடையாது. ஆனால் போட்ட அன்றைக்கு இருந்த அதே கருநீல நிறத்தில் சும்மா பளிச்சென்று நின்றது. கட்டுக்கம்பியின் முறுக்குகூடக் கலையவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். துருப்பிடிக்காத கம்பி வேண்டும் என்று யோசிக்கிற எல்லாரும் (நானும்தான்) தடிக்கம்பியைப் பற்றியே மண்டையை உடைத்துக்கொள்கிறோம், எந்த பிராண்ட், எந்தப் பூச்சு என்று பத்துப் பேரிடம் கேட்கிறோம். கலவைக்குள் போகிற ஒல்லிக்கம்பியைக் கடைக்காரர் எதை எடுத்துத் தருகிறாரோ அதை வாங்கி வந்துவிடுகிறோம். பிளாக் சுவரில் முதலில் சாவது அந்த ஒல்லிக்கம்பிதான்.

காரணம் சுவருக்குள் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. சிமென்ட் கடுமையான காரம், புதுக் கான்கிரீட்டின் பிஎச் 12.5க்கு மேலே இருக்கும். அந்தக் காரத்துக்குள் இரும்பு தன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும், அந்தப் போர்வை இருக்கும்வரை துரு கிட்டே வராது. போர்வையைக் கிழிக்க இரண்டே பேரால்தான் முடியும். ஒன்று காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு. அது நுண்துளைகள் வழியாக உள்ளே போய்ச் சுண்ணாம்பைத் தின்று காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும், பிஎச் 9க்குக் கீழே இறங்கினால் போர்வை போச்சு. இன்னொன்று உப்பு, அதாவது குளோரைடு. இது இன்னும் மோசம், காரம் முழுசாக இருந்தாலும்கூட ஏதாவது ஓர் இடத்தில் குத்திக் குழி பறித்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

என் சுவரில் உப்புக்கு வழியில்லை, முதல் ஆள்தான் வேலையைக் காட்டியிருக்க வேண்டும். உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஆல்கஹாலில் கரைத்த பினாப்தலீன், பள்ளிக்கூட லேபில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தோமே அதேதான். புதிதாக உடைத்த முகத்தில் அதைத் தெளித்தால் காரம் உள்ள இடம் மெஜந்தா நிறத்துக்கு மாறும், காரம் செத்த இடம் அப்படியே சாம்பலாக நிற்கும். உடைத்த மூட்டில் தெளித்தேன். வெளி விளிம்பிலிருந்து 12 மி.மீ. வரை ஒரு நிறமும் இல்லை, அதற்கு உள்ளே பளீரென்று ரோஜா நிறம், நடுவில் கத்தியால் வெட்டினாற்போல எல்லை. என் கம்பி இருந்தது விளிம்பிலிருந்து 6 மி.மீ. தூரத்தில்! செத்த பகுதியின் நட்டநடுவில்.

இதில் ஒரு கணக்கு உண்டு, தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் காரம் சாகிற ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் வளரும். 12 மி.மீ. போக 11 வருடம் ஆகியிருக்கிறது என்றால், அதே கலவையில் 24 மி.மீ. போக 44 வருடம் ஆகும். 6 மி.மீ. போக மூன்று வருடம்கூட ஆகியிருக்காது. அதாவது கம்பியை விளிம்பிலிருந்து இரண்டு மடங்கு உள்ளே தள்ளினால் நான்கு மடங்கு ஆயுள். எந்த விலையுயர்ந்த பூச்சும் இவ்வளவு மலிவாக ஆயுளைக் கூட்டித் தராது. வெளிக்காற்று படுகிற சுவரில் மூட்டுக் கம்பிக்கு வெளிப்பக்கம் குறைந்தது 16 மி.மீ. கலவை இருக்க வேண்டும் என்று அமெரிக்க மேசன்ரி விதி சொல்வது இதனால்தான், உட்சுவருக்கு 13 மி.மீ. செங்குத்துக் கம்பியின் கதையே வேறு. 200 மி.மீ. பிளாக்கின் நடுக்குழியில் நிற்கிற கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் நடுவில் பிளாக்கின் சுவர், அதற்குப் பின்னால் கெட்டியான கிரவுட் என்று கிட்டத்தட்ட 90 மி.மீ. இருக்கிறது. அங்கே காற்று போய்ச் சேருவதற்குள் சுவரை வேறு யாராவது இடித்துவிடுவார்கள்.

கம்பி விளிம்புக்கு வந்தது யார் தப்பு என்றால், என் தப்புதான். வலையின் அகலத்தைப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். சுவர் அகலத்துக்குச் சரிசமமாக இருந்ததால் கொத்தனார் ஒரு பக்கம் ஒதுக்கினால் மறுபக்கம் வெளியே எட்டிப் பார்த்தது. "கலவைக்குள்ள போயிட்டா யாரு பாக்கப் போறா" என்றார் அவர், நானும் தலையாட்டினேன். வலை சுவரைவிட 40, 50 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. வெறும் பிளாக் மேல் வலையை வைத்து அதன் மேல் கலவையைப் போட்டால் கம்பியின் அடிப்பக்கம் கலவையே படாது, காற்றும் தண்ணீரும் ஓடுகிற சின்னக் குழாய் மாதிரி ஆகிவிடும். கலவை பரப்பி, அதில் வலையை அமுக்க வேண்டும். கம்பியின் கனம் மூட்டின் கனத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, 10 மி.மீ. மூட்டுக்கு 5 மி.மீ.க்குக் குறைவான கம்பிதான்.

இனி ஜிஐ என்கிற வார்த்தை, துத்தநாகம் பூசிய இரும்பு என்று அர்த்தம். பில்லில் ஜிஐ என்று போட்டிருந்ததைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்கு வந்தவன் நான். துத்தநாகம் பூசியதில் இரண்டு சாதி இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஒன்று ஆலையிலேயே கம்பியை இழுக்கும்போது மெல்லிசாகப் பூசி, அதற்குப் பிறகு வெட்டி, வெல்டு அடித்து வலை ஆக்குவது. அதில் சதுர மீட்டருக்கு 30 கிராம் துத்தநாகம், கனம் என்று பார்த்தால் 4 மைக்ரான். வெல்டு அடித்த இடத்தில் அதுவும் எரிந்துபோயிருக்கும், வெட்டிய முனைகளில் ஒன்றுமே இருக்காது. இன்னொன்று வெல்டு எல்லாம் முடிந்த வலையை அப்படியே 450 டிகிரியில் உருகிக் கிடக்கிற துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது, ஏஎஸ்டிஎம் ஏ153 என்ற அமெரிக்கத் தர எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். இதில் 458 கிராம், 64 மைக்ரான். பதினைந்து மடங்கு வித்தியாசம்! இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். முதலாவது ஈரம் இல்லாத உட்சுவருக்கு மட்டும், வெளிச்சுவர் என்றால் முக்கி எடுத்ததுதான் என்று விதிகளும் சொல்கின்றன. என் சுவருக்கு வந்தது முதல் சாதி.

கையில் எடுத்தாலே கண்டுபிடித்துவிடலாம், சான்றிதழ் கேட்பதற்கு முன்னாலேயே. பளபளவென்று வழுக்கலாக, முனை மட்டும் வெற்று இரும்பாகத் தெரிந்தால் அது மெல்லிசுப் பூச்சு. மங்கிய சாம்பல் நிறமாக, சற்றுச் சொரசொரப்பாக, வெல்டு மூலைகளில் துத்தநாகம் வழிந்து கட்டியாக நின்று, வெட்டிய முனையும் மூடியிருந்தால் அது தொட்டியில் முக்கியது. அழகாக இருப்பதை எடுத்து வராதீர்கள், இங்கே அசிங்கமாக இருப்பதுதான் நல்ல சரக்கு.

துத்தநாகம் இந்த வேலைக்கு ஏன் பொருத்தம் என்றால், காரம் செத்துப்போன கலவைக்குள்ளும் அது தாக்குப்பிடிக்கும், வெறும் இரும்பால் முடியாது. அப்புறம், சிராய்ப்பு விழுந்தாலும் பக்கத்தில் இருக்கிற துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். உப்பையும் வெறும் கம்பியைவிட அதிகமாகத் தாங்கும், ஆனால் எல்லையில்லாமல் இல்லை, தினம் தினம் உப்புச்சாரல் அடித்தால் கரைந்துகொண்டே வந்து ஒருநாள் தீர்ந்துவிடும். தடிக்கம்பியையும் துத்தநாகத்தில் முக்கி வாங்கலாம். வளைத்த பிறகு முக்கினால் நல்லது, முக்கிய பிறகு இறுக்கமாக வளைத்தால் வளைவின் வெளிப்பக்கம் பூச்சு வெடிக்கும், அங்கே துத்தநாகம் கலந்த பெயிண்ட் அடிக்க வேண்டி வரும். அதைக் கட்டுவதற்கு வெறும் கட்டுக்கம்பியை எடுக்காதீர்கள், கட்டுக்கம்பியும் பூசியதாகவே இருக்கட்டும்.

எபாக்ஸி என்கிற பிசின் பூசிய பச்சைக் கம்பியைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. தரையில் பரப்பிக் கட்டிக் கான்கிரீட் போடுகிற ஸ்லாபுக்கு அது ஒருவேளை சரியாக வரும். பிளாக் சுவருக்கு எனக்குப் பிடிக்கவில்லை. சுவர் எப்படி எழும்புகிறது என்று நினைத்துப் பாருங்கள். கம்பி முதலில் நிற்கிறது, ஒவ்வொரு பிளாக்கையும் தூக்கி அதன் தலை வழியாகக் கோத்து இறக்குகிறோம். பிளாக்கின் உள்விளிம்பு உப்புத்தாள் மாதிரி இருக்கும். பத்து வரிச் சுவர் என்றால் ஒரு கம்பி பத்துத் தடவை உரசல் வாங்குகிறது, அதன் மேல் இருப்பது கால் மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்டத்தான் வரும் ஒரு பெயிண்ட். துத்தநாகம் போலத் தன்னைக் கொடுத்துக் காப்பாற்றுகிற குணமும் அதற்கு இல்லை. சிராய்ப்பு விழுந்த அந்த ஒரு புள்ளியில் மொத்தத் தாக்குதலும் குவியும், பூச்சுக்கு அடியிலேயே துரு ஊர்ந்துகொண்டு போகும். ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் கடல் பாலங்களில் எபாக்ஸிக் கம்பிதான் போட்டார்கள், கட்டிச் சில வருடங்களிலேயே, 1986இல், அலை தெறிக்கிற உயரத்தில் தூண்கள் வெடித்துத் துரு வெளியே வந்துவிட்டது. இதற்கெல்லாம் மேல், வழுவழுப்பாக இருப்பதால் கான்கிரீட் பிடிப்பும் குறைவு, லேப் நீளத்தை, அதாவது இரண்டு கம்பிகளை ஒட்டிப் போட்டு இணைக்கிற நீளத்தைக் கூட்ட வேண்டும், சில நிலைகளில் ஒன்றரை மடங்குவரை. ஒரு பக்கம் வாய் திறந்த பிளாக்காக வாங்கிப் பக்கவாட்டில் நுழைத்துக் கட்டுகிறீர்கள், சிராய்ப்பு ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பெயிண்ட் வைக்க ஆள் இருக்கிறார் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

கண்ணாடி இழைக் கம்பி துருவே பிடிக்காது என்பது உண்மைதான், இரும்பே இல்லையே. ஆனால் சைட்டில் வளைக்க முடியாது, விறைப்பு இரும்பில் கால்வாசி, உடைவதற்கு முன் வளைந்து எச்சரிக்கை தருகிற குணமும் கிடையாது. பூகம்பம் வருகிற இடத்தில் பாரம் தாங்குகிற சுவர் என்றால் கட்டமைப்பு இன்ஜினியரைக் கேட்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சாதாரண டிஎம்டி கம்பியில் கொஞ்சம் செம்பும் குரோமியமும் சேர்த்து, அரிப்பைத் தாங்கும் என்று விற்பதும் உண்டு. பொய் என்று சொல்ல மாட்டேன், துரு மெதுவாகப் பிடிக்கும். ஆனால் அதை ஸ்டெயின்லெஸ் என்று மனதில் வைத்துக்கொண்டு கவரை, அதாவது கம்பிக்கு வெளிப்பக்கம் இருக்கிற கலவையின் கனத்தைக் குறைத்துவிடுகிறார்கள், வம்பு அங்கேதான். ஸ்டெயின்லெஸ் என்று பெயர் வாங்கக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். இந்தக் கம்பியில் அது ஏதோ தாளித்த அளவுக்குத்தான் இருக்கும்.

ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வருவோம். மெக்சிகோவின் யூகடான் கரையில் ப்ரொக்ரெஸோ என்ற ஊரில் கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் நீள்கிற ஒரு கான்கிரீட் துறை இருக்கிறது, 1937இலிருந்து 1941க்குள் கட்டியது. அதில் போட்டது 304 வகை ஸ்டெயின்லெஸ் கம்பி. அறுபது வருடம் கழித்துப் பார்த்தபோதும் பெரிய சேதம் இல்லை, பக்கத்திலேயே பின்னாளில் சாதாரணக் கம்பியில் கட்டிய இன்னொரு துறை சிதைந்து பெரும்பகுதி கடலுக்குப் போய்விட்டது. இதைவிடப் பெரிய விளம்பரம் தேவையில்லை. உப்புக் காற்று நேரடியாக அடிக்கிற இடம் என்றால் 316, அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் குழி பறிப்பதை இன்னும் நன்றாகத் தாங்கும்.

விலையைக் கேட்டால் மயக்கம் வரும், தெரியும். ஆனால் முழுச் சுவருக்கும் அதைப் போட யார் சொன்னார்கள்? 20 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 800 மி.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. செங்குத்துக் கம்பிகள் 50 கிலோ சொச்சம், மேலே படுக்கைவாட்டில் ஓடுகிற கான்கிரீட் பட்டையில் (பாண்ட் பீம்) இரண்டு கம்பி இன்னொரு 35 கிலோ. மூட்டு வலை ஐந்து வரிசை, மீட்டருக்கு 200 கிராம் என்று வைத்தால் 20 கிலோ. மொத்த இரும்பில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த 20 கிலோவை மட்டும் ஸ்டெயின்லெஸ் ஆக்கிவிட்டு, 90 மி.மீ. உள்ளே பத்திரமாக நிற்கிற தடிக்கம்பியைச் சாதாரணமாகவே விடலாம், கடற்கரையாக இல்லாதவரை. கடற்கரை என்றால் தடிக்கம்பிக்குத் துத்தநாகம், மூட்டுக்கு ஸ்டெயின்லெஸ். அலைச்சாரல் மேலேயே விழும் என்றால் இரண்டுமே ஸ்டெயின்லெஸ், அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். உட்சுவருக்கு இவ்வளவு யோசனையே தேவையில்லை, எப்போதும் ஈரம் நிற்கிற குளியலறை, நீச்சல்குளம் மாதிரி இடங்களைத் தவிர.

தடிக்கம்பிக்கும் இரண்டு பலவீனமான இடங்கள் உண்டு. அஸ்திவாரத்திலிருந்து தலை நீட்டி நிற்கிற ஸ்டார்ட்டர் கம்பி ஒன்று, மாதக்கணக்கில் மழையில் நனைந்து, தரை மட்டத்தில் சரியாகக் கழுத்துப் பிடித்த மாதிரி மெலிந்திருக்கும். மேலாக லேசாகப் பூத்த துரு கெடுதல் இல்லை, செதிலாக உரிந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மிச்சக் கனத்தை அளந்துவிட்டுத்தான் மேலே கட்ட வேண்டும். இன்னொன்று கிரவுட் இறங்காத குழி. ஒவ்வொரு வரி வைக்கும்போதும் மூட்டிலிருந்து பிதுங்கி உள்ளே விழுகிற கலவை கம்பி மேல் திட்டாக ஒட்டி, ஊற்றுகிற கிரவுட்டை வழிமறிக்கும். கெட்டியான கிரவுட்டாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும், கீழே வெற்றுக்குழி. கிரவுட் தண்ணியாகத்தான் இருக்க வேண்டும், ஸ்லம்ப் (கூம்பு அச்சைத் தூக்கியதும் கலவை சரிகிற அளவு) 200 மி.மீ.க்கு மேல், பிளாக் அதிகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடி வரியில் சுத்தம் பண்ண ஒரு ஓட்டை விட்டால் விழுந்த கலவையை வாரி எடுத்துவிடலாம். சீக்கிரம் இறுகட்டும் என்று கால்சியம் குளோரைடு கலந்த மருந்தைக் கலவையில் ஊற்றிவிட்டால் சாதாரணக் கம்பியை எவ்வளவு உள்ளே வைத்தும் பிரயோஜனம் இல்லை, எதிரியை நாமே உள்ளே குடிவைத்த கதை அது.

என் சுவரை இடிக்கவில்லை. வெடித்த மூன்று மூட்டுகளிலும் பழைய கலவையை 35 மி.மீ. ஆழத்துக்கு அறுத்து எடுத்து, துருக்கம்பியை வெட்டி வெளியே இழுத்துவிட்டு, முறுக்கிய ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சுருங்காத கிரவுட்டில் புதைத்தோம். அதே கொத்தனார்தான் வந்தார். இந்தத் தடவை ஒவ்வொரு மூட்டிலும் கம்பி வைத்ததும் கரணையின் நுனியை உள்ளே விட்டு ஆழம் காட்டினார், நான் கேட்காமலே. தெற்குப் பக்கச் சுவரில் இன்னும் கோடு வரவில்லை. வலை அதிலும் அதே வலைதான், கம்பி எவ்வளவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று உடைக்காமலே காட்டுகிற கவர் மீட்டர் ஒன்றை வாடகைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், கிடைத்ததும் வரி வரியாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.